அரை அடி தண்ணீர்

டீ வந்தால் அவர் உடனே குடிக்க மாட்டார். கிளாஸை மேசை நடுவில் வைத்து, குனிந்து, கண்ணை அதன் விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்து பார்ப்பார். டீயின் மட்டம் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஆராய்ச்சி நடக்கும். எதிர்ச் சுவர் முழுக்க மீட்டர்கள். கப்பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. இருந்தாலும் அவர் முதலில் கேட்பது டீயைத்தான். "மீட்டர் அப்பப்ப மக்கர் பண்ணும். டீ எங்க மக்கர் பண்ணப் போவுது?" என்பார். பார்த்து முடித்ததும் ஒரு வால்வைக் கொஞ்சம் திருகிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பார். அவர் சூடாக டீ குடித்ததை அந்தக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை.

அந்த டீயும் முக்கால் கிளாஸ்தான். ஆடுகிற கப்பலில் அதற்கு மேல் ஊற்றினால் சிந்தும், சிந்தினால் அவருக்குப் பொறுக்காது. பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஆடாத வீட்டில், அசையாத மேசையில், விருந்தாளிகளுக்கும் முக்கால் கிளாஸ்தான் கிடைக்கும்.

கப்பலில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. உறவுக்காரர்கள் யாராவது, "கப்பல்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "கப்பல முக்கறது" என்பார். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "முழுசா இல்ல. பின்பக்கம் மட்டும்" என்று சேர்த்துக்கொள்வார். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

உண்மையில் வேலை அதுதான். துறைமுகமே இல்லாத கரையில் படையையும் வண்டிகளையும் இறக்குவதற்காகக் கட்டிய கப்பல் அது. பெரிய கப்பல் கரைக்குப் பக்கத்தில் போனால் தரை தட்டிவிடும். அதனால் சின்னப் படகுகளை வயிற்றுக்குள்ளேயே சுமந்துகொண்டு போகிறது. பின்பக்கம் ஒரு பெரிய கதவு, உள்ளே சினிமா தியேட்டர் அளவுக்கு ஒரு கூடம். அடியில் உள்ள டேங்குகளில் கடல் தண்ணீரை நிரப்பினால் கப்பலின் பின்பக்கம் கனத்து உட்காரும். கதவைத் திறந்தால் கடல் உள்ளே வந்து கூடம் குளமாகிவிடும். படகுகள் அதில் மிதந்து வெளியே போகும், வேலை முடிந்து திரும்பி வரும். பிறகு டேங்குகளைக் காலி செய்தால் கப்பல் எழுந்துகொள்ளும், குளம் வற்றிவிடும். எல்லோரும் அந்தக் கூடத்தைக் குளம் என்றே சொல்கிறார்கள். எந்த டேங்கில் எவ்வளவு, குளத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது அளவுக்காரர்.

இந்தக் கப்பலை வரைந்தவர்கள் முதலில் வரைந்தது லாரிகள் ஏற்றிப்போகும் சாதாரணக் கப்பலைத்தானாம். பாதி வேலையில் கடற்படை வந்து பின்பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னது. வண்டிகள் நிற்க இடம் வேண்டுமென்று புகைபோக்கி, மாடி, கிரேன் எல்லாவற்றையும் வலது பக்கம் ஒதுக்கினார்கள். பலன், டேங்குகள் காலியாக இருந்தால் கப்பல் வலப்பக்கம் சாய்கிறது. இடப்பக்க டேங்க் ஒன்றில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். அடிப்பாகம் வேறு தட்டை, சின்ன அலைக்கும் ஆட்டம் போடும். "எங்க பெரியப்பா மாதிரி. ஆளு திடகாத்திரம். ஆனா ஒரு பக்கம் கையப் புடிச்சுக்கிட்டேதான் கூட்டிட்டுப் போவணும்" என்பார் அளவுக்காரர்.

சண்டைக்கென்று பிறந்த கப்பல் இதுவரை ஒரு சண்டையும் பார்க்கவில்லை. டாங்கிகளை ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்குப் போயிருக்கிறது, இறக்கியிருக்கிறது, ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மற்றபடி ஓடியதெல்லாம் ஊர் உதவிக்குத்தான். வெள்ளத்தில் பாலம் போன ஊருக்குப் பாலத்தின் துண்டுகளைக் கொண்டுபோனது. கலவரம் வந்த வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து பெட்டியும் பிள்ளையுமாக ஓடிவந்தவர்களை அள்ளிக்கொண்டு வந்தது. ஒரு தீவில் எரிமலை புகைந்தபோது ஆட்களோடு மாடுகளையும் ஏற்றினார்கள். அளவுக்காரருக்கு அந்தப் பயணத்தின் மேல் இன்னும் கோபம் உண்டு. "டாங்கிய வச்சா வச்ச எடத்துல நிக்கும். மாடு நிக்குதா? ஒண்ணு எங்க போவுதோ எல்லாம் அங்க போவுது. கப்பலும் பின்னாடியே போவுது." அன்றைக்கு அவர் டீயே குடிக்கவில்லையாம்.

வீட்டில் இந்த மனிதரோடு காலம் தள்ளுவது அவர் மனைவி. கட்டில் காலுக்கு அட்டை, அலமாரிக்கு மரச்சீவல், சாப்பாட்டு மேசைக்கு மடித்த நாளிதழ் என்று எல்லாவற்றுக்கும் அளவுக்காரர் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். ஹோட்டலுக்குப் போனால் ஆடாத மேசை கிடைக்கும் வரை இடம் மாறிக்கொண்டே இருப்பார், சர்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, இவர் எழுந்து போய்ச் செத்தவரின் போட்டோவை நேராக்கிவிட்டு வந்தார். "ரசமட்டத்தைக் கட்டிக்கிட்டு குடும்பம் நடத்தறேன்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். குறையாகச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்த அம்மாளின் உண்மையான குறை வேறு. அது அவருடைய தம்பியைப் பற்றியது. தம்பியும் இதே கப்பலில்தான் வேலை பார்க்கிறார், படகு ஓட்டுகிறார். பெரிய படகு, இரண்டு லாரிகளை ஏற்றலாம். படகுக்காரர் ஆள் நேர்மாறு. சட்டைப் பொத்தான் ஒன்று எப்போதும் இருக்காது. அக்கா வீட்டுக்கு வந்தால் அடுக்களையிலிருந்தே, "மச்சான், இன்னைக்காவது முழு கிளாஸ் உண்டா?" என்று கத்துவார். கிளாஸ் முக்காலாகவே வரும். அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "மீதிய டேங்க்ல வச்சிருக்காரு" என்று குழந்தைகளிடம் சொல்வார். அளவுக்காரர் வீட்டில் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அந்தச் சத்தம் நின்று நான்கு வருடம் ஆகப் போகிறது. ஒரு வெள்ள மீட்பு வேலை. இந்தக் கப்பலில் வழக்கம் என்னவென்றால், குளத்தின் வாசற்படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று காலையில் கேப்டன் உத்தரவு எழுதுவார். அளவுக்காரர் அதைக் கொடுப்பார். நூல் கூடாது, நூல் குறையாது, அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். அன்றைக்கும் கொடுத்தார். மத்தியானம் அலை ஏறிவிட்டது. ஆட்களோடு படகு உள்ளே நுழைகிற நேரம் பார்த்து ஒரு அலை வாசலில் இறங்கியது, படகின் அடி படியில் மோதியது. உள்ளே இருந்த நர்ஸ் ஒருவருக்குக் கை முறிந்தது. விசாரணையில் அளவுக்காரரைக் கேட்டார்கள், தண்ணீர் அளவு சரியாக இருந்ததா என்று. சரியாக இருந்தது என்றார். அது உண்மை. போதுமானதாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தப்பு ஓட்டியவர் மேல் விழுந்தது. படகுக்காரரின் தோளிலிருந்து ஒரு பட்டை இறங்கியது.

"மச்சான் குடுத்த தண்ணி சரிதான்க்கா, ஆனா பத்தல" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான், அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அதற்காகப் பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. குளத்து வாசலில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன, அவற்றின் சுவிட்ச் அளவுக்காரரின் மேசையில். சிவப்பு எரிந்தால் படகு வெளியே காத்திருக்க வேண்டும், பச்சை எரிந்தால் வரலாம். வந்து கட்டியதும் படகுக்காரர் ஒலிபெருக்கியில் "கட்டியாச்சு" என்பார். மச்சானும் மச்சினனும் நான்கு வருடமாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். "நில்லு, வா, கட்டியாச்சு. இத வச்சு ஒரு குடும்பம் நடக்குமா?" என்று அந்த அம்மாள் கேட்பார். அளவுக்காரர் எழுந்து போய்ச் சாயாத அலமாரியைத் தொட்டுப் பார்ப்பார்.

இந்த வருட ஒத்திகைக்குக் கிளம்பும் முன்னால் அந்த அம்மாள் செய்தியைச் சொன்னார். ஒத்திகையில் படகில் ஒரு கீறல் இல்லாமல் முடித்தால் தம்பிக்குப் பட்டை திரும்பக் கிடைக்கும். மோதினால் படகே கையை விட்டுப் போய்விடும். கிடைத்தாலும் இந்தக் கப்பலில் இருக்கப் போவதில்லை, வேறு கப்பலுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார்.

"அவன் போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிருங்க" என்றார்.

"என்னன்னு பேசறது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை நாள் பேசவில்லை.

ஒத்திகையின் கடைசி நாள். காலையில் அசையாமல் கிடந்த கடல் மத்தியானம் முறைத்துக்கொண்டது. கரைக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி உள்ளே வந்தன. பாக்கி ஒன்றுதான், இரண்டு லாரிகளோடு மச்சினனின் படகு. அளவுக்காரரின் அறையில் ஒரு சின்னத் திரை உண்டு, அதில் குளமும் வாசலும் தெரியும். அவர் அதைப் பார்த்தார். மேசையில் இருந்த டீயைப் பார்த்தார். முக்கால் கிளாஸ் டீ விளிம்பு வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பைப் போட்டார். பிறகு, குளத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு போன் செய்தார்.

"சார், குளத்துல அரை அடி கூட்டணும்."

"உத்தரவுல உள்ள அளவு இருக்குல்ல?"

"இருக்கு. அது காலையில எழுதினது சார். இப்ப கடல் வேற."

"உள்ள நிக்கிற வண்டியெல்லாம் நனையுமே."

"டயர் நனையும். தொடச்சுக்கலாம்."

"நீங்க ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லையே?"

"கேட்டதில்ல சார். கேட்டிருக்கணும்."

அதிகாரி யோசித்தார். "யாரு கூட்டச் சொன்னதுன்னு கேப்டன் கேட்டா?"

"எம் பேரச் சொல்லுங்க."

வால்வுகளைத் திறந்தார். அரை அடி என்பது அந்தக் கப்பலில் லேசான விஷயம் இல்லை. டேங்குகளுக்குள் தண்ணீர் இறங்கி, அவ்வளவு பெரிய உடம்பு நிதானமாக இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டும். அதுவரை சிவப்பு. திரையில் படகு அலையில் ஏறி ஏறி விழுந்துகொண்டு வெளியே நின்றது. மற்ற படகுகளுக்கெல்லாம் உடனே பச்சை கிடைத்தது, தனக்கு மட்டும் இத்தனை நேரம் சிவப்பு. அங்கே நிற்பவர் என்ன நினைப்பார் என்று அளவுக்காரருக்குத் தெரியும். திட்டிக்கொண்டிருப்பார். திட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

குளத்துச் சுவரில் வரைந்த அளவுகோலில் தண்ணீர் உத்தரவுக் கோட்டைத் தாண்டி ஏறியது. அவர் சர்வீஸில் அந்தக் கோடு நனைந்து மறைந்தது அன்றுதான். பச்சையைப் போட்டார்.

படகு திரும்பி வாசலுக்கு வந்தது. சரியாக அதே மாதிரி, நுழைகிற நேரம் பார்த்து ஒரு அலை கீழே இறங்கியது, படகும் அதோடு இறங்கியது. அளவுக்காரரின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. படியில் மோதவில்லை. படகு கழுத்தைத் தூக்கிக்கொண்டு, வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றது.

"கட்டியாச்சு" என்றது ஒலிபெருக்கி.

அதோடு முடிய வேண்டும். ஆனால் மைக் பொத்தானை விடாமல் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரையில் படகுக்காரர் சுவருக்கு எதிரே நின்று அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கூட இருக்கே."

அளவுக்காரர் தன் பக்கப் பொத்தானை அழுத்தினார்.

"அன்னைக்குக் குடுத்திருக்க வேண்டியது."

திரையில் அந்த ஆள் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. படகுகள் கட்டியதும் தண்ணீரை வெளியேற்றத் தொடங்க வேண்டும். அந்த வேலையை அளவுக்காரர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை. இன்றைக்கு உதவியாளரைக் கூப்பிட்டு, "நீயே பாத்துக்க" என்று எழுந்துவிட்டார்.

நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். டீ ஊற்றுகிறவர் வழக்கம்போல முக்காலில் நிறுத்தினார்.

"ஊத்துங்க."

"சிந்துமேண்ணே."

"ஊத்துங்க."

விளிம்பு வரை நிறைந்த கிளாஸோடு, ஆடுகிற கப்பலில், குளத்துக்கு இறங்கும் செங்குத்தான இரும்புப் படிகளில் கால் வைத்தார். ஒவ்வொரு படிக்கும் டீ விரல்களில் வழிந்தது, சட்டைக் கையில் வழிந்தது. அவர் டீயைப் பார்க்காமல், கீழே ஆளைப் பார்த்தபடி இறங்கினார்.