நகராத புள்ளி

பதினொன்றாம் வகுப்பில் அவளுக்குக் ‘கிரகம்’ என்று பெயர். எதிர்கால ஆசை என்ன என்று பள்ளியில் கொடுத்த படிவத்தில் ‘வானியல் ஆய்வாளர்’ என்று எழுதினாள். அன்று மாலைக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் மற்ற நாற்பத்தொரு பேரும் மருத்துவர், பொறியாளர் என்று பெற்றோரின் ஆசையை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அதனால் அவர்களுக்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை.

படிவங்களை வாங்கியவர், ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் வாழ்க்கையை ஒரே பிற்பகலில் தீர்மானித்துவிட்டுப் போகும் ஆலோசகர். நூற்றிருபது கேள்விகளுக்கு இவள் குறித்த விடைகளைக் கணினி மென்று, ‘மக்கள் தொடர்பு’ என்று துப்பியது. கடைக்குப் போனால் பாக்கி சில்லறை கேட்கக்கூட வாய் வராத பெண்.

“வானியலா? ரொம்ப நல்ல துறைம்மா” என்றார் ஆலோசகர். “டிவியில நின்னுட்டு, நாளைக்கு மழை வருமா வராதான்னு சொல்லணும். உனக்கு முகம் நல்லா இருக்கு, தைரியமா போ.”

“சார், அது வானிலை.”

“ரெண்டும் மேலதானே இருக்கு? அடுத்த ஆளை வரச் சொல்லு.”

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பேருந்து நிலையத்தில், பயணிகள் விட்டுப் போகும் பொருள்களைப் பதிவு செய்யும் எழுத்தர். குடை, டிபன் பாக்ஸ், ஒருமுறை பல்செட் என்று மனிதர்கள் எதையெல்லாம் மறப்பார்கள் என்பதைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்து வந்ததால், எதற்கும் ஆச்சரியப்படுவதை நிறுத்தியிருந்தார். யாரும் கேட்டு வராத ஒரு பைனாகுலரை ஏலத்தில் எடுத்து மகளுக்குக் கொடுத்ததும் அவர்தான். அதில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது.

“ஒத்தைக் கண்ணு போதுமாடி உனக்கு?”

“சூரியன் ஒண்ணுதானேம்மா இருக்கு.”

அப்பா லிப்ட் மெக்கானிக். எதிர் அடுக்குமாடியின் மொட்டைமாடிச் சாவி அவரிடம் இருந்தது. தினமும் நாலரை மணிக்குக் கிரகம் அங்கே ஏறி, லிப்ட் மோட்டார் அறைச் சுவரோரம் பைனாகுலரை ஒரு பழைய ஸ்டாண்டில் கட்டுவாள். சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். எனவே ஒளியை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, அதில் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து தேதி போடுவாள்.

மூன்றாவது வாரத்தில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பைனாகுலரோடு ஒரு பெண் மாடியில் நிற்கிறாள் என்ற செய்தி, லிப்டைவிட வேகமாகக் கீழே போயிருந்தது.

“யார் வீட்டைம்மா பாக்குற?”

“சூரியனைப் பாக்குறேன் அங்கிள்.”

“அதுக்கு எதுக்கு பைனாகுலர்? வெறும் கண்ணுலயே தெரியுதே!”

லிப்ட் இரண்டு நாள் நின்றால் செயலாளர் ஏழு மாடி நடக்க வேண்டியிருக்கும் என்பதை அப்பா மறுநாள் பணிவாக எடுத்துச் சொன்னதும், விஞ்ஞானத்தின் மேல் சங்கத்துக்குத் திடீர் மதிப்பு ஏற்பட்டது.

ஏழு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு படங்கள் சேர்ந்தன. சூரியன் சுழல்வதால் புள்ளிகள் இரண்டு வாரத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்து மறைந்துவிடும். ஆனால் வலது மேல்பக்கம் ஒரு குட்டிப் புள்ளி மட்டும் அசையவே இல்லை. உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேர் கண்ணிலும் படாதது, ஒற்றைக்கண் பைனாகுலரில் பட்டுவிட்டது! தனக்குள் அதற்குத் தன் பெயரையே வைத்தாள். பட்டப்பெயரை அல்ல, சொந்தப் பெயரை.

“தூசியா இருக்கப் போகுது. துடைச்சுப் பாரேன்” என்றார் அப்பா.

“அப்பா, இது லிப்ட் இல்ல.”

மலைமேல் இருந்த ஓர் ஆய்வு நிலையம், விடுமுறையில் பள்ளி மாணவர்கள் சிலரைப் பயிற்சிக்கு எடுப்பதாக அறிவித்தது. எல்லாப் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்பினாள். கண்டுபிடிப்பைப் பற்றி மட்டும் தனியாக ஒன்றரைப் பக்கம்.

ஒன்பதாம் நாள் அங்கிருந்த ஆய்வாளர் அம்மையார் மூன்றே வரியில் பதில் எழுதினார்: ‘பைனாகுலரின் கண்வைக்கும் பகுதியைத் திருகிப் பாருங்கள். புள்ளியும் சேர்ந்து திரும்பினால் அது சூரியனுடையது அல்ல, உங்களுடையது. மற்ற புள்ளிகளை எங்கள் பதிவோடு ஒப்பிட்டேன், சரியாக இருக்கின்றன.’

மாடிக்கு ஓடிப்போய்த் திருகினாள். புள்ளி சமர்த்தாகக் கூடவே திரும்பியது.

அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அழிப்பானை எடுத்தாள், யோசித்தாள், கீழே வைத்தாள். பிறகு இருநூற்றுப் பதினான்கு தாளிலும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோடிழுத்து ‘தூசி’ என்று எழுதினாள். கை கடுத்துவிட்டது. மூன்று நாள் கழித்து அத்தனையையும் மறுபடி அனுப்பினாள்.

இந்த முறை பதில் இன்னும் சின்னது. எந்தத் தேதியில் வர வேண்டும், கம்பளிச் சட்டை கொண்டு வர வேண்டும் என்பதோடு சரி. பள்ளி அறிவிப்புப் பலகையில் ‘எங்கள் ஆலோசனை முகாமின் வெற்றி’ என்று அவள் புகைப்படம் ஏறியது. ஆலோசகர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஆய்வு நிலையத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி, ஒரு கணினி, அரைநூற்றாண்டுப் பழைய சூரியப்புள்ளிப் பதிவேடுகள். அவற்றிலிருந்த எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெளியே ஒரு வாரமாக மூட்டம். சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னடி பாத்தே?” என்றார் அம்மா தொலைபேசியில்.

“மேகம்மா.”

“அதை இங்கயே பாத்திருக்கலாமே. வேற என்னதான் பண்றே?”

“எண்களை டைப் அடிக்கிறேன். காலையில எட்டுல இருந்து சாயங்காலம் வரைக்கும்.”

“அட கடவுளே! கிளம்பி வந்துடுறியா?”

“இல்லம்மா” என்றாள் அவசரமாக. “இன்னும் ஆறு பதிவேடு இருக்கு. ரெண்டு நாள் கூட இருக்கலாமான்னு கேட்டிருக்கேன்.”