மரங்களின் ஓரம் நின்றவள்

மகள் வேலை கிடைத்து பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போன பிறகுதான் பனிச்சரிவு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. குளிர்காலத்தில் சனி ஞாயிறு என்றால் நண்பர்களோடு மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போவாள். அன்றைய ஆபத்து அறிவிப்பைப் படிக்காமல் போகமாட்டேன் என்று எனக்குச் சமாதானம் சொல்வாள்.

அந்தச் சனிக்கிழமை அறிவிப்பு மோசமாக இருந்திருக்கிறது. பழைய பனி மழையில் நனைந்து கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. அதன்மேல் காற்று புதுப்பனியைக் கொண்டுவந்து குவித்திருந்தது. அது ஒட்டாது, ஒரு ஆள் மிதித்தாலே மொத்தமாக வழுக்கி வந்துவிடும் என்று பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். அவள் மரங்களின் ஓரம் நின்றுவிட்டாள். கூடப் போன பெடியன் மேலே ஏறினான். அவள் பார்த்துக்கொண்டிருக்கப் பனி உடைந்து சரிந்து அவனை மூடியது. அவன் உடம்பில் கட்டியிருந்த கருவியின் சமிக்ஞையை வைத்து அவள்தான் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினாள். முகம் தெரிந்தபோது உயிர் இல்லை.

ஸ்காபரோவில், மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், கெட்டிக்காரி, புத்தியாக நின்றுவிட்டாள் என்று சொல்லிப் போனார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு, மகளைப் பார்க்கவேண்டும் என்று பெடியனின் தாய் சொல்லியனுப்பினார். மிசிசாகாவில் இருந்த அவர் வீட்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு மகளுக்கு எதிரே இருந்தார்.

"பிள்ளை, ஏற வேண்டாமெண்டு அவனுக்குச் சொன்னனீரோ?"

"ஓம் அன்ரி, சொன்னனான்."

"அவன் என்ன சொன்னவன்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"யூ வொறி டூ மச் எண்டு சிரிச்சவன்."



"அப்ப சிரிச்சுக்கொண்டுதான் போனவன்," என்றார் அந்த அம்மா.

பிறகு மகளின் கையை எடுத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு அவன் முகத்துப் பனியை விலக்கிய விரல்கள். குளிரில் விறைத்துப்போன நுனிகள் இன்னும் கறுத்திருந்தன. மருந்து போடுகிறாளா என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது பனி கொட்டியது. நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. ஸ்காபரோவுக்குள் நுழைந்ததும் பசிக்கிறது என்றாள். ஒரு கடையில் நிறுத்திக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். காருக்குள் இருந்தே முழுவதையும் சாப்பிட்டாள். நான் வைப்பர் அங்குமிங்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தனியாக இருக்கப் பயந்தவள்போல், நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.