ஏரியில் கரைத்த வெல்லம்

ஓர் ஏரியைக் கொன்றுவிட்டோம் என்ற பயத்தோடு நான் ஐந்து வாரம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் ஆக்லாந்துக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் பழைய மரவீடு ஒன்றின் பாதியில் வாடகைக்கு இருந்தோம். மறுபாதியில் யாழ்ப்பாணத்து மாமாவும் மாமியும் இருந்தார்கள். சொந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டால் சொந்தமாகிவிடுவார்கள்.

மாமாவுக்கு மீன் பைத்தியம். சனிக்கிழமைதோறும் துறைமுகப் பாலம் தாண்டி, வடக்கே இருந்த ஏரிக்குத் தூண்டிலோடு போவார். ட்ரவுட் மீன் கொண்டுவந்து பின்வாசல் படியில் பேப்பர் விரித்து வெட்டுவார். மீனைத் தின்பதைவிட அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பதில்தான் அவருக்கு ருசி. உள்ளே விரல் நீளத்தில் சிறுமீன்கள் நாலைந்து இருந்துவிட்டால், பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல முகம் மலர்ந்துவிடும். சிறுமீன் இருந்தால்தான் பெரிய மீன் தேறும், பெரிய மீன் தேறினால் ஏரி நன்றாக இருக்கிறது என்று பொருள். நாங்கள் சைவம். அம்மா அந்தப் படிப் பக்கமே வரமாட்டாள். நான் மட்டும் ஒரு சனிக்கிழமை தவறாமல் ஆஜர்.

அந்தக் கோடை விடுமுறையில் என் வலது கட்டைவிரலில் ஒரு மரு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் மருவோ கட்டியோ வந்தால் கோயில் குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரையக் கரைய அதுவும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆக்லாந்தில் அப்போது சாமியே வாடகை ஹாலில்தான் இருந்தார், குளத்துக்கு எங்கே போவது? ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குக் கிளம்பியதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி மாமாவின் ஏரிக்குப் போனாள். பையில் இரண்டு கிலோ வெல்லம் இருந்தது.

கரையில் ஒரு போர்டு. தண்ணீரில் எதையும் கொட்டக் கூடாது என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"அது குப்பை கொட்றவங்களுக்கு" என்றாள் அம்மா.

எனக்குப் புளியங்கொட்டை அளவு கிள்ளிக் கொடுத்தாள். அதை விரலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் தண்ணீரில் எறிந்தேன். மிச்சம் முழுவதையும் அம்மா ஸ்வெட்டருக்குள் இடது பக்கம் வைத்து அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். அந்த வெயிலில் அவளுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் மண்டியிட்டு, துண்டு துண்டாகத் தண்ணீருக்குள் வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. அப்பாகிட்டயும்தான். சொன்னா பலிக்காது."

இரண்டு வாரம் கழித்து மாமா வெட்டிய மீனின் வயிறு காலியாக இருந்தது. அடுத்த வாரம் வந்தது தலை பெருத்து உடம்பு ஒட்டிய மீன். அதை வெட்டக்கூட அவருக்கு மனம் வரவில்லை. தண்ணீர் பச்சையாகிவிட்டதாம், கரையோரம் சிறுமீன்கள் செத்து மிதக்கின்றனவாம், யாரோ வந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் போகிறார்களாம்.

"ஆரோ என்னத்தையோ கொட்டிப்போட்டாங்கள் போலை" என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார்.

கொட்டியது நாங்கள்தான். நிரந்தரமாகத் தங்குவதற்கான ரெசிடென்ஸ் பேப்பர் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கக் கூடாது என்பது அப்பாவின் தினப்படி உபதேசம். பாட்டில் தண்ணீரைச் சோதித்தால் வெல்லம் தெரிந்துவிடும். இந்த நாட்டில் வெல்லம் வாங்குகிற வீடுகள் எத்தனை? விரல்விட்டு எண்ணி, நேராக எங்கள் கதவைத் தட்டுவார்கள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கும் பயம் பிடித்திருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும், பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், ஏரியில் மீனெல்லாம் செத்துப்போச்சாம் என்று அவள் காதில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப சாமி ஏத்துக்கலை" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மாமா தனியாகப் படியில் மீனோடு உட்கார்ந்திருந்தபோது அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போலீஸில் சொல்லவேண்டாம் என்றும் கெஞ்சினேன். மாமா முதலில் சிரித்தார்.

"சக்கரையாலை ஏரி சாகாது பிள்ளை. வெக்கை கூடிப்போச்சு, பாசி பிடிச்சிட்டுது. அதுக்குச் சின்ன மீன்தான் முதல்லை சாகும். எவ்வளவு போட்டனீங்கள்?"

"ரெண்டு கிலோ."

என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்த மருவுக்கோ?"

எனக்குக் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அம்மா போட்டது என்றேன். அம்மா அதை எங்கே வைத்துக்கொண்டு கும்பிட்டாள் என்று நடித்தும் காட்டினேன். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மீனை அப்படியே பேப்பரில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், மாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவும் அவளும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் அம்மாவை மாமாவின் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா பின்சீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போகிறோம் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரி என்றார்கள். நான் எதையும் நம்பவில்லை. அம்மா பிடிபட்டுவிட்டாள், காட்டிக்கொடுத்தது நான். ஒருநாள் அம்மாவைப் பார்க்கக் கூட்டிப் போனபோதுகூட, அறைக்கு வெளியே போலீஸ் நிற்கிறதா என்றுதான் தேடினேன்.

அம்மா வீடு திரும்பியபோது மழை தொடங்கியிருந்தது. இடது கையைத் தூக்க முடியாமல், தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரச் சனிக்கிழமை மாமா ஒரு ட்ரவுட்டோடு வந்து என்னைக் கூப்பிட்டார். பேப்பரில் வைத்து வயிற்றைத் திறந்தார். உள்ளே மூன்று சிறுமீன்கள் இருந்தன. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். ஏரி சாகவில்லை, சின்ன மீன் திரும்பி வந்துவிட்டது, எங்களை இனி யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

"நான்தாம்மா மாமாகிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லக் கூடாதுன்னியே."

அம்மா வலது கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

"நீ சொன்னதுதான்டி நல்லதாப் போச்சு" என்றாள்.

மீன்களைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.