வெள்ளிக்கிழமைப் பச்சை மீன்

என் தம்பிக்கு மூளை உண்டு. கம்ப்யூட்டர் படித்தவன், வேலையும் அதில்தான். ஆனால் கல்யாணம் பேசப் போகிற நாள் என்ன கிழமை என்று பார்க்கத் தெரியாத மூளை அது. தொண்ணூறுகளின் நடுவில், லண்டனில் நோர்பரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஜப்பான்காரச் சாப்பாட்டுக் கடையில் அவன் எனக்குச் செய்த வேலையை நினைத்தால், இன்றைக்கும் அவன் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

அவன் விரும்பிய பிள்ளை மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் தம்பியின் பக்கத்துப் பெரிய மனுசி நான்தான். எனக்குப் பிள்ளையைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது. அவளுடைய தகப்பன்தான் முறுக்கிக்கொண்டு நின்றார். அவரையும் சும்மா குறை சொல்ல முடியாது. மூத்த மகளைக் கேட்டு வந்த ஒரு சைவ வீட்டார், அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்களாம். மனுசன் அன்றைக்கே அந்தப் பேச்சை முறித்துவிட்டார். "முதல்லை எங்களோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடட்டும், பிறகு மிச்சம் கதைப்பம்" என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கடையைத் தெரிவு செய்தது அந்தப் பிள்ளை. அன்றைக்கு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமை. அதில் அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன் சாப்பிடலாம். ஆகவே மீன் கடை. நல்ல யோசனைதான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் ஒன்றும் உள்ளே வராது என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் என் உடன்பிறப்பு. அவனுக்குக் காதல் மயக்கம். எங்கே போகிறோம் என்று நான் கேட்டதற்கு, "ஒரு சோத்துக் கடை அக்கா" என்றுதான் சொன்னான். நானும் அதை நம்பி, காஞ்சிபுரச் சேலையும் பதக்கச் சங்கிலியுமாக வெளிக்கிட்டேன். கடைக்குள் ஜீன்ஸ் போட்ட மாணவர்கள். ஏறி இருக்க உயரமான ஸ்டூல்கள். சேலையோடு அதில் ஏறுவதற்கு தம்பியின் அத்தானான என் மனுசன் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. பிள்ளையின் தகப்பன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிள்ளை எல்லாருக்கும் முன்னமே ஓடர் கொடுத்து வைத்திருந்தாள். கிண்ணங்கள் வந்தன. அடியில் சோறு, அதற்கு மேல் வெள்ளரிக்காய், கடல்பாசி, எல்லாவற்றுக்கும் மேலே செம்மஞ்சள் நிறத்தில் துண்டு துண்டாக மீன். பச்சை மீன்!

தகப்பன் முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தார்.

"மகள், இதை அடுப்பிலை வைக்க மறந்திட்டினமோ?"

"இது இப்பிடித்தான் அப்பா."

"எங்கடை ஊரிலை இதைப் பூனைக்கெல்லோ போடுறது."

மீனிலேயே வளர்ந்த மனுசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாப்பிடுகிறேனா இல்லையா என்று பார்க்கிற பார்வை அது. தம்பிக்கு அப்போதுதான் கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். பேயறைந்த மாதிரி இருந்தான். "அக்கா, ப்ளீஸ்" என்று வாயை மட்டும் அசைத்தான்.

நான் என் மனுசனின் பக்கம் சரிந்து, "இஞ்சாருங்கோ, இண்டைக்கு வெள்ளி" என்று முணுமுணுத்தேன். அவருக்கு மெதுவாகப் பேச வராது, பிறவிக் குணம்.

"அதுக்கென்ன? எங்கடை வீட்டிலை மச்சச் சட்டி வேறை, மரக்கறிச் சட்டி வேறை. இந்த மீன் ரெண்டிலையும் ஏறேல்லை. சட்டியிலை ஏறாதது எப்பிடியப்பா மச்சமாகும்? வெள்ளரிக்காய் எண்டு நினைச்சுச் சாப்பிடும்!"

ஐயோ முருகா! கடை முழுக்கக் கேட்டது. நல்ல காலம், தமிழ் தெரிந்தவர்கள் எங்கள் மேசையில் மட்டும்தான் இருந்தார்கள். இந்தச் சித்தாந்தத்தைச் சொன்னவர் அதற்குள் தன் கிண்ணத்தில் பாதியை முடித்திருந்தார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்குத் தெரியாது அக்கா" என்று அழுவாரைப் போலச் சொன்னாள்.

"தங்கச்சி, வெள்ளியிலை நீங்கள் மச்சம் சாப்பிடுறேல்லையோ?" என்று தகப்பன் கேட்டார்.

"அது அண்ணை... ஒரு நாளைக்குத்தானே, பரவாயில்லை."

பச்சைப் பொய். ஆனால் நான் இந்தக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தால் தம்பியின் கல்யாணமும் அதோடு சரி. மீன் படாத சோறாகப் பார்த்து ஒரு வாய் வைத்தேன். அதற்கு வினாகிரி வேறு விட்டிருந்தார்கள். பிறகு முள்ளுக்கரண்டியில் ஒரு மீன் துண்டைக் குத்தித் தூக்கினேன். முருகா, நீ பிறகு என்னோடு கோபித்துக்கொள், இன்றைக்கு மட்டும் விட்டுவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

துண்டு வாய்க்கு வருவதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து என் முள்ளுக்கரண்டியைப் பறித்தது. பிள்ளையின் தகப்பன். என் கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த மீன் எல்லாவற்றையும் தன் கிண்ணத்துக்குள் தள்ளிவிட்டு, சோற்றை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அண்ணை, அண்ணை! நான் வாய் வைச்ச கிண்ணம். எச்சில்!" என்று பதறிப்போனேன்.

மனுசன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடினார். என் கரண்டியில் இருந்த துண்டை வாய்க்குள் போட்டு, கசாயம் குடிக்கிற பிள்ளையைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

"சம்மந்தியளுக்குள்ளை என்ன எச்சில், தங்கச்சி? நீங்கள் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்றார். சொல்லிவிட்டு அடுத்த துண்டைக் குத்தினார்.