ஆதாமின் நித்திரை

போன சனிக்கிழமை சுவிட்சர்லாந்தின் லுசேர்ணில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். மனைவியின் வேலையிடத்தில் கொடுத்த இரண்டு இலவச டிக்கெட். வெளியில் மழை. வேறென்ன காரணம் வேண்டும்?

மூன்றாவது அறையில் நல்ல கூட்டம். இத்தாலிக்காரர் ஒருவர் ஐந்நூறு வருடங்களுக்கு முன் வரைந்த படம் — ஆதாமின் விலாவிலிருந்து கடவுள் ஏவாளைப் படைக்கிறார். வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, ஆசீர்வதிக்கும் கை. பாதி உடல் வெளியே வந்துவிட்ட ஏவாள் இரண்டு கைகளையும் கூப்பியிருக்கிறாள். ஆதாம்? வாயைத் திறந்தபடி அசந்த தூக்கம்.

வழிகாட்டிப் பெண் ஜெர்மனில் விளக்கினார். அந்த நித்திரை, சிலுவையில் இயேசு மரித்ததற்கு முன்னடையாளமாம். குத்தப்பட்ட அவர் விலாவிலிருந்து திருச்சபை பிறந்தது. ஆகவே ஏவாள்தான் திருச்சபை… எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

என் மனைவி மட்டும் காதருகில் வந்து சொன்னாள்: "இந்த ஆளும் உங்களை மாதிரித்தான்."

விஷயம் இதுதான். முப்பது வருடங்களுக்கு முன், இதே லுசேர்ணில் ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. ஊரில் பேசி முடித்த பெண் சூரிச்சில் வந்து இறங்குகிறாள். போட்டோவில் பார்த்ததுதான். முதல்நாள் இரட்டை ஷிப்ட் முடித்து, காலையில் முதல் ரயில் பிடித்து, விமான நிலையத்து நீள வாங்கில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டக் கண் விழித்தால்… எதிரே சூட்கேஸ், பக்கத்தில் அவள்.

இந்தக் கதையை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் அவள் சொல்லாமல் விட்டதில்லை. நானும் சிரித்து வைப்பேன். ஆனால் உள்ளுக்குள் உறுத்தும். நாடு விட்டு நாடு வந்தவளை வரவேற்கப் போனவன் தூங்குவதா?

படத்தைக் காட்டிச் சமாளித்துப் பார்த்தேன். "ஏவாளைப் பாரும், பேசாமல் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறா. நீர் வந்த உடனே தட்டி எழுப்பிப் போட்டீர்."

"ஆர் சொன்னது உடனே எண்டு? ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருந்தனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு காலமும் இதைச் சொல்லவே இல்லையே.

"ஏன் எழுப்பேல்லை?"

"ஆள் எப்பிடி எண்டு பாத்தனான். முழிச்சிருக்கேக்கை எல்லாரும் நல்லவைதானே. நித்திரையில நடிக்கேலாது."

"பிடிக்காட்டி?"

"என்ர அண்ணை ரிட்டர்ன் டிக்கெட் எல்லோ போட்டுத் தந்தவர். கைப்பைக்குள்ள இருந்தது."

பிறகு படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்கட கை முழுக்க எண்ணெய் சுட்ட காயம். அந்தக் கையில என்ர போட்டோவைக் கசங்காமல் பிடிச்சுக்கொண்டு நித்திரை கொண்டனீங்கள்."

வழிகாட்டி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன், கண் கலங்கிவிட்டது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஆதாமைவிட நான் அதிர்ஷ்டக்காரன். ஏவாளுக்குப் போக வேறு இடமே இருக்கவில்லை — இவளுக்கு இருந்தது.