வேர்வை கேட்டுக் கட்டிய பிராது

கொளஞ்சியப்பரை நம்பி நிற்கும் அன்பர்களுக்கு அடியேன் கொளஞ்சி எழுதிக்கொள்வது. எனக்கு வேர்க்காது. பிறந்த நாளிலிருந்து ஒரு துளி வேர்த்ததில்லை. சொன்னால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். "கொடுத்து வச்சவருங்க நீங்க" என்பார்கள். கத்திரி வெயிலில் சட்டை நனைந்து நிற்பவர்களுக்கு அது வரம் மாதிரித்தான் தெரியும். வேர்க்காத உடம்பில் ஏறிய சூடு இறங்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. தலை கிறுகிறுக்கும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விழுந்துவிடுவேன்.

தலையில் பூனைமுடி, வாயில் மொத்தமே ஐந்து பல். சிறு வயதில் கேலி கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது. பாண்டிச்சேரியில் ஒரு பெரிய டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி உடம்பைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். வேர்வைச் சுரப்பியே சரியாக உண்டாகவில்லையாம். மருந்து கிடையாதாம். "குளிர்ச்சியான ஊராப் பார்த்துப் போயிடுங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விருத்தாசலத்தில் பிறந்தவன் எந்தக் குளிர்ச்சியான ஊரில் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

அது 1968. அப்போது எங்கள் பீங்கான் பேட்டையில், மின்சார ப்யூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. சூளை ஆறும் முன்னே சரக்கை இறக்க வேண்டும். எல்லாரும் தெப்பலாக நனைந்திருப்பார்கள். நான் மட்டும் காய்ந்து நிற்பேன். மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்துப் பார்த்தார்.

"அத்தினி பேருக்கும் சட்டை பிழியற மாதிரி இருக்குது. உனக்கு மட்டும் இஸ்திரி போட்டாப்ல இருக்குதே, எந்த மூலைல போயி குந்தினு இருந்த?"

நான் மற்றவர்களுக்குச் சமமாகத்தான் சுமந்தேன். அதற்குச் சாட்சி சொல்ல என் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்த வாரத்திலேயே இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உயிரும் போகும் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி தனம்தான் சொன்னாள். "சாமி பேரையே வச்சிருக்கீங்க. ஒரு பிராது கட்டிட்டு வந்துடலாங்க."

மணவாளநல்லூரில் நம் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது உங்களுக்குத் தெரியாததா? குறையைக் காகிதத்தில் எழுதி, சந்நிதியில் வைத்து, அங்கே காவலாக நிற்கும் முனியப்பரின் வேலில் கட்டிவிட்டு வருகிறோம். குறை தீர்ந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்குகிறோம். அங்கே எழுதிக் கொடுத்த பெரியவர் வழக்கம்போல் கேட்டார்.

"எதிரி யாருப்பா?"

"எதிரி யாரும் இல்லீங்க. என் தோலுதாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேற்படி கொளஞ்சிக்கு வேர்வை அருள வேண்டியது" என்று எழுதினார். அதை வேலில் கட்டிவிட்டு வெளியே வந்து கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்போதே வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

மூன்று மாதம் போனது. வேர்க்கவில்லை. ஆடியில் மூன்றாவது முறையாக விழுந்தேன். இந்த முறை சூளைக்குப் பக்கத்து மண் கொட்டகை வாசலில். கண் திறந்தபோது என் மேல் ஒரு நனைந்த சாக்கு கிடந்தது. களிமண் காய்ந்துவிடாமல் சாக்கை நனைத்துப் போர்த்துகிற மங்கா அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு காயக்கூடாதுன்னுதான சாக்கு போடறோம். நீயும் அப்பிடித்தான் தம்பி. ஈரத்துலயே கெட" என்றார்.

அவர்தான் மேஸ்திரியிடம் சண்டை போட்டு என்னை மண் கொட்டகைக்கு மாற்றினார். அன்றிலிருந்து நான் ஈரத்துண்டு இல்லாமல் வெளியே போனதில்லை. அதற்கப்புறம் பல வருடம் விழவும் இல்லை. ஆனால் நான் கேட்டது வேர்வை. வந்தது சாக்கு. அதனால் பிராதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் ஆயுத பூசையில் என்னை விளையாட்டாகப் பேசச் சொன்னார்கள். ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டே என் கதையைச் சொன்னேன். சிரிக்க உட்கார்ந்தவர்கள் அழுதார்கள். அதிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம், வாசகர் மன்றம், ஸ்ரீமுஷ்ணம், கருவேப்பிலங்குறிச்சி என்று போய்க்கொண்டே இருந்தேன். நோட்டீஸில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று போட்டார்கள். தனம் ஒரு குடம் தண்ணீரோடு மேடைக்குப் பின்னால் நிற்பாள். துண்டு காயக் காய நனைத்துக் கொடுப்பாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. முடியும், முடியும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இருக்காது. கைதட்டல் கேட்கும்போதுகூட, சாமி என்னை ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. இவ்வளவு அலுப்போடு ஒருவன் பிறருக்குத் தைரியம் சொல்வது பாவம் என்றுகூட நினைத்தேன்.

1975 சித்திரையில் திட்டக்குடியில் பேச்சு. பகல் பதினோரு மணி. தகரக் கொட்டகை. பாதியில் குடம் காலியாகிவிட்டது. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தனம் குடத்தோடு வீடு வீடாக ஓடியிருக்கிறாள். நான் "முடியும்" என்று சொல்லும்போதே விழுந்தேன். அவள் எங்கோ வாங்கி வந்து ஊற்றிய தண்ணீரில்தான் பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தில் கத்தினேன். "ஏழு வருஷம் ஆவுது. அந்த சாமிக்குக் காது இல்ல. ஒரு சொட்டு வேர்வை குடுத்தாரா?"

 தனம் என் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"வேர்வைன்னா என்னாங்க? மேல இருக்கற ஈரந்தான? ஏழு வருஷமா உங்க மேல அது காயாம நான் பாத்துக்கறேன். கொட்டகையில மங்கா அக்கா பாத்தாங்க. நீங்க என்னாடான்னா, வரல வரலன்னு சாமியக் கோர்ட்டுலயே நிக்க வச்சிருக்கீங்க. அவருக்கும் கால் வலிக்காதா? எனக்கும் வலிக்குதுங்க."

  அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் உடம்பில் ஈரம் வருகிற இடம் கண் ஒன்றுதான்.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் மணவாளநல்லூருக்கு நடந்தோம். பாதி வழியில் குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டது. கோயில் வாசலில் தனம் துண்டை நன்றாக நனைத்து என் தலையில் போட்டாள். அதே பெரியவர்தான் இருந்தார். பார்வை மங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"பிராது வாபஸா? கோரிக்கை நெறவேறிச்சா?"

"நெறவேறிடுச்சுங்க."

கையெழுத்துப் போடக் குனிந்தேன். நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்து காகிதத்தில் சொட்டியது. அவர் பதறிக் காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"வேர்வையத் தொடச்சுட்டுப் போடு தம்பி. எழுத்து அழிஞ்சிடும்."

நான் தனத்தைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு மனிதர் வேர்வையைத் துடைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்றும் எனக்கு வேர்க்காது. இன்றும் அலுப்பு வரும். ஆனால் மேடையில் முடியும் என்று இப்போது நான் தனியாகச் சொல்வதில்லை. தனத்தைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்த பிறகே பேச ஆரம்பிக்கிறேன். அன்பர்களே, உங்கள் பிராதும் வேலில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கலாம். நம்பியிருங்கள். ஒருமுறை வீட்டுக்குள்ளும் திரும்பிப் பாருங்கள். அங்கே யார் கையாவது ஊறி வெளுத்திருந்தால், இன்றே போய் வாபஸ் வாங்கிவிடுங்கள்.