அண்ணன் பேசும்வரை தாடி

என்னைவிடப் பெரிய முட்டாள் ஒத்தக்கடையில் கிடையாது. அண்ணனின் புது வீட்டைக் கோழிக்கூடு என்று கிண்டலடித்தேன். ஓராண்டாக அவர் என்னோடு பேசவில்லை. அப்போதுதான் பழைய ஸ்பானியக் காவியம் ஒன்றைத் தமிழில் படித்தேன். தன்னை நாடு கடத்திய அரசன் மன்னிக்கும்வரை தாடியை மழிப்பதில்லை என்கிறான் அதன் வீரன். நானும் அண்ணன் பேசும்வரை மழிப்பதில்லை என்று வளர்த்தேன். வீரக்களை வரவில்லை, அரிப்புதான் வந்தது. மனைவி மாசமாக இருந்தால் கணவன் தாடி விடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதை மறந்தே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சுடச்சுட அல்வாவோடு வாசலில் நின்றார்.

“எத்தன மாசம்டா? எங்கிட்டச் சொல்ல மாட்டியா?” கண் கலங்கியிருந்தது.

“விசேஷமெல்லாம் இல்லண்ணே. நீங்க பேசணும்னுதான் இம்புட்டுத் தாடியும்.”

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். பொட்டலத்தோடு திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

“அல்வா ஆறுது, தின்னு.”